கரண்ட் வந்ததும் பிரின்டர் காணாமல் போகிறதா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துப் பக்கம் சாட்ஸ்வொர்த்தில், எங்கள் கோயில் அலுவலகத்தில் மூன்று கணினிகளுக்கு ஒரே பிரின்டர். மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் அது 'ஆஃப்லைன்' என்று முறைத்துக்கொண்டு நிற்கும், அதுவும் காவடி ரசீது அடிக்க ஆள் வரிசையில் நிற்கிற நேரமாகப் பார்த்து. கோளாறு பிரின்டரில் இல்லை. ரவுட்டர் (கணினிகளையும் பிரின்டரையும் இணைக்கும் பெட்டி) மறுபடி எழும்போது பிரின்டருக்கு வேறு ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அதன் விலாச எண்ணை, கொடுத்துவிடுகிறது, கணினிகளோ பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கின்றன. ரவுட்டர் செட்டிங்ஸில் டிஎச்சிபி (ஐபி எண்களைத் தானாகப் பங்கிடும் வசதி) பகுதிக்குப் போய், பிரின்டரின் மேக் முகவரிக்கு (கருவிக்கென்றே உள்ள அடையாள எண்) 192.168.1.50 மாதிரி ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கணினியிலும் பழைய பிரின்டரை நீக்கிவிட்டு, அந்த எண்ணைக் கொடுத்துப் புதிதாகச் சேர்த்தால் சரி. பகிர்ந்த ஃபோல்டரும் தெரியவில்லையா? விண்டோஸில் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று மாறியிருக்கிறதா பார்த்து 'பிரைவேட்' ஆக்குங்கள்.