நார்ச்சத்தை உணவில் கூட்டும் முறை

உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்த ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தை உணவிலிருந்து பெற வேண்டும். அந்த அளவை ஒரே நாளில் எட்ட முயன்றால் வாயுவும் வயிற்று உப்புசமும்தான் மிஞ்சும். முதல் வாரம் ஒரு வேளை மட்டும் தீட்டிய தானியத்துக்குப் பதிலாக முழுத் தானியத்தை உண்டு, வயிறு பழகிய பின் பயறு வகைகளையும் காய்களையும் படிப்படியாகச் சேர்க்கலாம். கூடவே தண்ணீரையும் கூட்டாவிட்டால், மலம் இளகுவதற்கு மாறாக இறுகக்கூடும்.

கரையும் நார் நீரை ஈர்த்துக் கூழ்போலாகி, இரைப்பையிலிருந்து உணவு வெளியேறும் வேகத்தைக் குறைப்பதால், பசி சற்றுத் தாமதமாகவே எழுகிறது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன; பெருங்குடற்சுவர் செல்களுக்கு முதன்மை எரிபொருள் இந்தப் பியூட்டிரேட்தான். கரையாத நாரின் வேலை எளியது: மலத்துக்குப் பருமன் சேர்ப்பது.

நார் உடற்கொழுப்பைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு; குறைந்த கலோரியில் அது வயிற்றை நிரப்புகிறது, அவ்வளவே. ஆகவே பழச்சாற்றை விட்டு முழுப் பழத்தையே உண்ணுங்கள். மென்று தின்ன நேரமாவதும் (இது சிறிய நன்மை அல்ல) உண்ணும் அளவைக் குறைக்கும். குடல் அடைப்பு ஏற்பட்டவர்களும் குடலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும்.