அப்பாவின் வேட்டியும் ஆறு கவரும்: துணி டயப்பர் தொடங்குகிறவர்களுக்கு

என் மகன் பிறந்தது ஐப்பசியில். அந்த மாதத்தில் துணி காயவைப்பது என்ன பாடு என்பது திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். அந்த மழையிலும் அவனுக்குத் துணியையே கட்டினோம். இரண்டே கால் வயதில் அதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. இப்போது என் தங்கைக்கு ஏழாவது மாதம். "அக்கா, எது வாங்கட்டும், எத்தனை வாங்கட்டும்?" என்று தினமும் போன் பண்ணுகிறாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொன்னது, இப்போதைக்கு எதையும் வாங்காதே என்று. பீரோவில் இருக்கும் அப்பாவின் பழைய வேட்டிகளை எடுத்து வை. நிறையத் துவைத்து நூல் தளர்ந்திருக்க வேண்டும், ஆனால் இற்றுப்போயிருக்கக் கூடாது. பாலியெஸ்டர் கலந்த வேட்டி ஆகாது, தண்ணீரைக் குடிக்காது. சுத்தப் பருத்தியில் ஒரு 4 முழ வேட்டி எடுத்து, இரண்டு பக்கக் கரையையும் வெட்டி நீக்குங்கள். ஜரிகை குழந்தைத் தொடையில் உரசும். மீதியை இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக வெட்டினால் ஆறு துண்டு வரும். ஆறு வேட்டிக்கு 36 துண்டு. ஓரங்களை ஓவர்லாக் அடித்துவிடுவது முக்கியம். பிரிந்த நூல் ஒன்று குழந்தையின் கால் விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே தடைபடும், குழந்தை ஏன் அழுகிறது என்று நமக்குத் தெரியாது. காரணமில்லாமல் வீறிட்டு அழுதால் நான் இன்றைக்கும் முதலில் விரல்களைத்தான் பார்ப்பேன்.

பிறந்த குழந்தை முதல் சில வாரங்களில் ஒரு நாளைக்கு இருபது முறைகூட ஒன்றுக்குப் போகும். அந்த நாட்களில் விலை கொடுத்து வாங்கிய டயப்பர் எதையும் கட்ட வேண்டியதில்லை, கோமணம் போதும். துண்டை முக்கோணமாக மடித்து, அகலப் பக்கத்தை இடுப்புக்கு அடியில் விரித்து, கூர்முனையைக் கால்களுக்கு நடுவே மேலே கொண்டுவந்து, இரண்டு முனைகளையும் முன்னால் சேர்த்துத் தளர்வாக ஒரு முடிச்சு. தொப்புள்கொடி விழும்வரை துணியின் மேல்விளிம்பு தொப்புளுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ஈரத் துணி அதில் படக் கூடாது. அரணாக்கயிறு கட்டிய பிறகு இன்னும் சுலபம். துணியை நீளவாக்கில் மடித்து, முன்முனையைக் கயிற்றில் செருகி, அடியில் கொண்டுபோய்ப் பின்முனையையும் செருகிவிட்டால் ஆயிற்று. கயிற்றில் மணி கோத்திருந்தால் அது துணிக்கு அடியில் சிக்கி இடுப்பில் அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் மலம் தாரைப் போலக் கறுப்பாக ஒட்டும். பிட்டத்தில் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தால் துடைக்கும்போது வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எண்ணெயைப் பற்றிப் பின்னால் வேறு கதை சொல்கிறேன், இந்த நாட்களுக்கு மட்டும் அது நல்லது.

குழந்தை 5 கிலோவைத் தொடும்போதுதான் கடைக்குப் போகலாம். இப்போது விற்பவை பெரும்பாலும் மூன்று வகை. உள்ளே பை போலத் திறந்திருந்து, உறிஞ்சும் பட்டையைச் செருகிக்கொள்வது பாக்கெட் டயப்பர். எல்லாமே ஒன்றாகத் தைத்தது ஆல் இன் ஒன். ஈரம் வெளியே வராத வெறும் வெளியுறை மட்டும் என்றால் கவர். ஆல் இன் ஒன் போடுவதற்குச் சுலபம், காய்வதற்கு நாள் பிடிக்கும். மழைக்காலத்தில் என்னிடம் இருந்த ஒன்று இரண்டாம் நாளும் நடுவில் ஈரமாகவே இருந்தது. பாக்கெட்டில் மூத்திரம் நனைத்த பட்டையைக் கைவிட்டு இழுக்க வேண்டும். நான் நின்றது கவரில்தான். ஆறு கவர் வாங்கினேன். உள்ளே அதே வேட்டித் துண்டு. மலம் படாதவரை துண்டை மட்டும் மாற்றி, கவரின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் கட்டலாம்.

துண்டை மடிப்பது இப்படி. இரண்டு துண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மூன்றாக நீளவாக்கில் மடியுங்கள். ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகலப் பட்டையாக வரும், ஆறு அடுக்கு. பையனாக இருந்தால் முன்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை மறுபடி மடித்து விடுங்கள், அங்கே பன்னிரண்டு அடுக்காகும். பெண் குழந்தைக்கு அந்தத் தடிப்பு நடுவில் வர வேண்டும். பட்டையைக் கவருக்குள் வைத்தால் துணியின் ஒரு நூல்கூட வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. எட்டிப் பார்த்தால் அந்த வழியாகவே ஈரம் கசிந்து ஜட்டி, சட்டை, நம் மடி எல்லாம் நனையும்.

கவரோடு மைக்ரோஃபைபர் என்கிற செயற்கை இழைப் பட்டை இலவசமாகக் கொடுப்பார்கள். அதை நேரடியாகக் குழந்தைத் தோலில் படும்படி வைக்கவே கூடாது. தோலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து இழுத்துத் தோலை வறளவைத்துவிடும். பாக்கெட்டுக்குள் வைத்தால் சரி. அது இன்னொன்றும் செய்யும். வேகமாக உறிஞ்சும், அழுத்தினால் அப்படியே வெளியே விட்டுவிடும், ஸ்பாஞ்ச் மாதிரி. குழந்தை தவழ்ந்து உட்காரத் தொடங்கியதும் கசிவது அதனால்தான். பருத்தி மெதுவாகக் குடிக்கும், ஆனால் பிடித்துவைத்துக்கொள்ளும். புதிதாக வாங்கிய பருத்திப் பட்டையாக இருந்தால் ஐந்தாறு முறை துவைத்துக் காயவைத்த பிறகுதான் முழுதாக உறிஞ்சத் தொடங்கும். வேட்டிக்கு அந்த வேலை இல்லை, அது அப்பா உடுத்தியே பழகியது.

கட்டிய பிறகு இரண்டு இடம் பார்க்க வேண்டும். தொடை எலாஸ்டிக் தொடையின் நடுவில் நிற்கக் கூடாது, ஜட்டி நிற்குமிடத்தில், தொடையிடுக்கு மடிப்பிலேயே உட்கார வேண்டும். இடுப்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கழற்றும்போது லேசான எலாஸ்டிக் தடம் தெரிந்தால் பரவாயில்லை, சிவந்து பள்ளமாக இருந்தால் ஒரு பட்டன் தளர்த்துங்கள். எங்கள் அத்தைக்கு ஒரே கவலை: "இவ்வளவு மொத்தமாக் கட்டினா பையனுக்குக் கால் வளைஞ்சுக்கும் கண்ணு." வளையாது. குழந்தையின் கால்கள் தவளைக் கால் மாதிரி அகன்று மடங்கியிருப்பதுதான் இடுப்பு மூட்டுக்கு நல்லது. அவன் ஓடத் தொடங்கியபோது அத்தையே அவன் காலைப் பார்த்துச் சமாதானமானார்.

இரண்டிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும், மலம் போனால் உடனே. இதில் சமரசம் வேண்டாம். பாம்பர்ஸில் உள்ளே ஜெல் இருக்கிறது, ஈரம் தெரியாது. துணியில் தெரியும். பகலில் ஒரு மணி நேரமாவது எதுவும் கட்டாமல் ஒரு துணிவிரிப்பில் விட்டுவிடுங்கள்.

இனி துவைப்பு. துணி டயப்பரைக் கைவிட்டவர்களைக் கேட்டால் பாதிப் பேர் நாற்றம் என்பார்கள், மீதிப் பேர் புண் என்பார்கள். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் துவைப்பதில்தான் இருக்கும்.

எனக்கு அது மூன்றாம் மாதம் வந்தது. துவைத்துக் காய்ந்த துணியில் எந்த வாசமும் இருக்காது. அவன் ஒன்றுக்குப் போன உடனே மட்டும் கண்ணில் எரிகிற மாதிரி அம்மோனியா நெடி அடித்தது. பட்டை படுமிடமெல்லாம் சிவந்துவிட்டது. சோப்பு மிஞ்சிவிட்டது என்று நினைத்துப் பவுடரைக் குறைத்தேன், இன்னும் மோசமானது. ஒருநாள் காய்ந்த துண்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். உறிஞ்சவில்லை. தாமரை இலைத் தண்ணீர்போல முத்தாக நின்றது. அப்போதுதான் புரிந்தது. தினமும் குளிப்பாட்டி, தேங்காய் எண்ணெய் தடவி, மேலே துணியைக் கட்டிக்கொண்டிருந்தேன். எண்ணெய் துணியில் ஊறிப் படலமாகிவிட்டது. அதோடு நாங்கள் துவைப்பது உப்புத் தண்ணீரில். ஆழ்குழாய்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் மெக்னீசியமும் சோப்புக் கட்டியோடு சேர்ந்து கரையாத பிசுக்காகி நூலுக்குள் படியும். அந்தப் பிசுக்குக்குள் மூத்திரம் தங்கி, கிருமி அதை அம்மோனியாவாக்குகிறது.

சரி செய்தது இப்படி. நல்ல தண்ணீர் வந்த நாளில் எல்லாத் துண்டையும் 60 டிகிரியில், பவுடர் வழக்கமான அளவு போட்டு, நீண்ட சுற்றில் துவைத்தேன். அப்புறம் பவுடரே இல்லாமல் இரண்டு முறை அலசினேன். முதல் அலசலில் தண்ணீர் பாலாக வந்தது. இரண்டாவதில் தெளிந்தது. அதற்குப் பிறகு சொட்டு விட்டதும் உள்ளே போனது. அன்றிலிருந்து குளித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கவர், எண்ணெயும் இடுப்புக்கு மேலே மட்டும். புண்ணுக்கு மருத்துவர் துத்தநாகக் களிம்பு கொடுத்தாலும் அதேதான், அதுவும் துணியில் படலமாகும். இடையில் ஒரு மெல்லிய துணி வைத்துக் கட்டுங்கள். மடிப்புகளுக்குள் சிவந்து சுற்றிலும் சின்னப் புள்ளிகள் தெரிந்தால், அல்லது இரண்டு மூன்று நாளில் ஆறாவிட்டால், பூஞ்சையாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

தினசரி முறை இவ்வளவுதான். நனைந்த துண்டை உடனே ஒருமுறை அலசிப் பிழிந்து, காற்றுப் போகிற ஓட்டை வாளியில் போட்டுவிடுங்கள். மூடி போட்டுத் தண்ணீரில் நாள் கணக்காக ஊறப் போடாதீர்கள், எலாஸ்டிக்கும் கவரின் பூச்சும் கெடும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீரில் கரைந்துவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகு ராகிக் கூழும் இட்லியும் உள்ளே போனால் அப்படியில்லை, கழிப்பறையில் தட்டிவிட்டுத்தான் வாளிக்கு வர வேண்டும். நம் வீட்டுக் கழிப்பறைகளில் ஏற்கெனவே இருக்கும் ஹெல்த் ஃபாசெட்டே போதும். தினமும், அதிகமாகப் போனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை மெஷினில் போடுங்கள். வெறும் தண்ணீரில் ஒரு அலசல், பிறகு பவுடரோடு 40 அல்லது 60 டிகிரி நீளச் சுற்று. கையால் துவைத்தால் அரை மணி நேரம் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கசக்கி, மூன்று தண்ணீர் அலசுங்கள். கவரை மட்டும் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், கொதிநீரும் வேண்டாம். கடைசி அலசலில் வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனர் கூடவே கூடாது, அதுவும் துணிக்கு ஒரு பூச்சுதான். கிருமிநாசினியும் தேவையில்லை, அது தோலை எரிக்கும்.

வெயில் இருக்கும்போது வேறு மருந்து எதற்கு? மஞ்சள் கறை விழுந்த துண்டை ஈரத்தோடேயே மொட்டை மாடியில் விரித்துப் பாருங்கள், மதியத்துக்குள் கறை பாதிக்குமேல் வெளுத்திருக்கும். கவரை மட்டும் நிழலில், எலாஸ்டிக் தன் எடையில் தொங்காதபடி கொடியில் படுக்கவைத்துப் போடுங்கள். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பருவநிலை மாற்றத்தைப் பொறுத்தவரை துணி டயப்பர் தூக்கியெறியும் டயப்பரைவிடத் தானாக நல்லதாகிவிடவில்லை. டிரையரில் போடாமல் கொடியில் காயவைத்து, மெஷினை நிரப்பித் துவைத்து, அதையே இரண்டாவது குழந்தைக்கும் கட்டும்போதுதான் துணி தெளிவாக முந்தியது. அது நம் வீடுகளில் இயல்பாக நடப்பதுதான். "பொழுது சாயறதுக்குள்ள குழந்தைத் துணியை உள்ளே எடுத்துடு" என்பார் அம்மா. அதை நான் அப்படியே பின்பற்றுகிறேன். பனி இறங்கினால் துணி மறுபடி ஈரம் வாங்கும், பூச்சியும் ஒட்டும். மழைக்காலத்தில் விரித்துக் கொடியில் போட்ட ஒற்றை அடுக்கு வேட்டித் துண்டு மின்விசிறிக் காற்றில் இரவு காய்ந்துவிடும். வேட்டியை நான் விடாததற்குப் பெரிய காரணம் இது.

அம்மாவிடம் நான் கற்ற இன்னொன்று துணியைவிடப் பெரிது. காலையில் பால் குடித்ததும் அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களுக்கு நடுவே அவனை உட்காரவைத்து, "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுப்பார். கழுத்து நின்ற பிறகு தினமும் அதே நேரம். இரண்டு வாரத்தில் அந்தச் சத்தம் கேட்டாலே போகப் பழகிவிட்டான். ஆய்த் துணி துவைக்கும் வேலை பாதியாகிவிட்டது.

இரவுக்கு மட்டும் பகல் கணக்குப் போதாது. இரண்டு துண்டோடு ஒரு தடித்த பருத்திப் பட்டையும் சேர்த்து வைத்தேன், ஆறேழு மணி நேரம் தாங்கியது. ஆரம்பத்தில் இரவில் பாம்பர்ஸ், பகலில் துணி என்று தொடங்கினாலும் தவறில்லை. தங்கைக்கும் அதைத்தான் சொன்னேன். முதல் வாரம் பகலில் வீட்டில் இருக்கும்போது மட்டும், ஒரு நாளைக்கு மூன்று மாற்று. அது கைக்கு வந்த பிறகு இரவு. பேருந்துப் பயணம் கடைசியில். வெளியே போனால் நனைந்ததைப் போட ஜிப் வைத்த ஈரப்பை ஒன்று தேவை.

பணக் கணக்கு கேட்டாள். பெரிய சைஸ் பாம்பர்ஸ் ஒன்று எனக்கு 12 ரூபாய்க்குக் குறைந்து கிடைக்கவில்லை. நாளைக்கு 5 என்றாலும் மாதம் 1,800 ரூபாய். நான் வாங்கிய ஆறு கவர், தலா 350, மொத்தம் 2,100. வேட்டி அப்பாவுடையது.

அந்த ஆறில் நான்குக்குத் தொடை எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது. தெரு முனைத் தையல்காரரிடம் கொடுத்து மாற்றி, ஒருமுறை துவைத்துக் காயவைத்திருக்கிறேன். வளைகாப்புக்குப் போகும்போது தங்கைக்குக் கொண்டுபோக வேண்டும்.