கோழி, புறா மேல் ஒட்டிய உண்ணியை இனங்காண்பது எப்படி?

பினாங்கின் பாலிக் புலாவில் கம்பத்துக் கோழி வளர்த்தாலும் சரி, வீட்டில் புறாக்கூடு வைத்திருந்தாலும் சரி, உண்ணியைப் பார்த்ததும் வரும் முதல் கேள்வி, இது எந்த வகை என்பதுதான். 10 மடங்கு கைலென்ஸும் 40 மடங்கு ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பும் கிடைத்தால், பேரினம் வரை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். வளர்ப்புப் பறவைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட காட்டுப் பறவையைப் பிடிக்க, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெர்ஹிலித்தான் எனப்படும் மலேசிய வனவிலங்குத் துறையின் அனுமதி வேண்டும்.

முதல் படி, முழுசாக எடுப்பது. உண்ணியின் வாய் நடுவே பின்னோக்கிய பற்களுள்ள குத்துறுப்பு இருக்கிறது. இனத்தைப் பிரிக்கப் பெரிதும் உதவுவது அதுதான். உடம்பைப் பிடித்து இழுத்தால் அது தோலுக்குள் முறிந்துவிடும். பிறகு எந்த மைக்ரோஸ்கோப்பும் உதவாது. கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். கண்ணோரம், காதோரம், சிறகின் அடி என்று தேடிப் பாருங்கள்.

எடுத்ததை 70% ஆல்கஹாலில் போடுங்கள், ஒரு பறவைக்கு ஒரு புட்டி. தேதி, இடம், பறவை, உடலில் ஒட்டியிருந்த பகுதி ஆகியவற்றைப் பென்சிலால் சீட்டில் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

அடுத்து கால்களை எண்ணுங்கள். 6 என்றால் இளம்புழு, 8 என்றால் நிம்ஃப் (இளம்புழுவுக்கு அடுத்த பருவம்) அல்லது வளர்ந்தது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் வாய் முன்னே நீண்டு தெரிவது கடின உண்ணி. வயிற்றுப் பக்கம் மறைந்திருப்பது மென்உண்ணி. ஆனால் ஆர்காஸ் என்ற மென்உண்ணியின் இளம்புழுவுக்கும் வாய் முன்னே நீண்டிருக்கும். பகலில் கோழி மேல் கிடைப்பதும் பெரும்பாலும் அந்த இளம்புழுதான். வளர்ந்தவை இரவில் வந்து குடித்துவிட்டுப் பலகை இடுக்குக்குத் திரும்பிவிடும். அதனால் 6 கால் கண்டால் அவசரப்படாமல் கூட்டின் இடுக்குகளையும் கிளறிப் பாருங்கள். அங்கே தர்பூசணி விதை போலத் தட்டையாக இருப்பது ஆர்காஸாக இருக்கலாம். அதன் விளிம்பு சிறு சிறு கட்டங்களாகத் தெரிந்தால் கோழி உண்ணியான ஆர்காஸ் பெர்சிகஸின் கூட்டம். ஒழுங்கற்ற வரிகளாக இருந்தால் புறா உண்ணியான ஆர்காஸ் ரிஃப்ளெக்சஸின் கூட்டம்.

கடின உண்ணியா? மல்லாக்கப் போட்டு, டிஷ்யூவால் ஈரத்தை ஒற்றி, பக்கவாட்டில் வெளிச்சம் கொடுங்கள். ஈரம் பளபளத்தால் வரிப்பள்ளங்கள் தெரியாது. ஆசனவாய்க்கு முன்புறமாகப் பள்ளம் வளைந்தால் இக்ஸோடஸ் என்ற பேரினம். பின்புறம் என்றால் திருப்பிக் கண்ணையும் வாயையும் பாருங்கள்:

- கண் இல்லை, வாயின் இருபக்க உணரிகள் வெளியே பிதுங்கி நிற்கின்றன: ஹீமபைசாலிஸ்
- கண் உண்டு, வாயின் அடிப்பகுதி அறுகோணம்: ரைபிசெபாலஸ்
- கண் உண்டு, உணரிகள் நீளம்: ஆம்ப்ளியோம்மா

மலேசியக் கோழிகளில் ஹீமபைசாலிஸ் வெல்லிங்டோனி பதிவாகியிருக்கிறது. அதற்காகக் கோழியில் கிடைத்த ஹீமபைசாலிஸ் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரைச் சூட்டிவிடாதீர்கள். ரைபிசெபாலஸ் கிடைத்தால், பக்கத்து நாயிடமிருந்து வந்ததா என்று விசாரியுங்கள்.

இனப்பெயர் கட்டாயம் வேண்டுமென்றால் குத்துறுப்பின் பல்வரிசையையும் கால் அடித்தண்டின் முட்களையும் நிபுணர் ஒருவர் பார்க்க வேண்டும், அல்லது 16எஸ் மரபணுச் சோதனை செய்ய வேண்டும். சோதனைக்கு ஒரு கால் போதும். அதை 95% ஆல்கஹாலில் தனியாக வைத்து, உடலை அப்படியே விட்டுவிடுங்கள். ஃபார்மலின் மரபணுவைக் கெடுத்துவிடும் என்பதால் அதில் போடவே வேண்டாம்.