ஆற்றங்கரை ஊரின் வரலாற்றை எழுதும் முறை: திருவையாற்றை முன்வைத்து

சொந்த ஊரின் வரலாற்றை எழுத அமர்பவர்கள் பெரும்பாலும் சோழ மன்னர் வரிசையிலிருந்து தொடங்குகிறார்கள். பத்துப் பக்கம் கடந்த பின்னும் ஊர் அந்த எழுத்துக்குள் வருவதில்லை. ஆற்றங்கரை ஊரை எழுதப் புகுபவர் ஆற்றிலிருந்தே தொடங்குவது நல்லது. திருவையாற்றை எடுத்துக்கொண்டால், தஞ்சாவூரிலிருந்து வடக்கே சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அவ்வூருக்கு வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி ஆகிய ஐந்தையும் கடந்தே செல்ல வேண்டும். இவ்வைந்தாலேயே ஊருக்குப் பெயர் அமைந்தது என்பது ஒரு வழக்கு. தலபுராணமோ வேறு ஐந்து நீர்களைக் கூறுகிறது. இவற்றுள் எது சரி என்று முடிவு கட்ட முயலாமல், எதை யார் சொல்கிறார்கள் என்பதோடு இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் வேலையாகப் படித்துறைகளுக்கு ஒரு கைப்படம் வரையுங்கள். ஒவ்வொரு துறைக்கும் ஊர் மக்கள் வழங்கும் பெயர், அங்கே குளிப்பவர்கள், துவைப்பவர்கள், நீத்தார் கடன் செய்பவர்கள், ஒரு காலத்தில் அங்கே இறங்க அனுமதிக்கப்படாதவர்கள் ஆகிய விவரங்களை அதில் குறியுங்கள். கடைசிக் கேள்விக்கு எளிதில் விடை கிடைக்காது. ஆனால் அதைக் கேட்காமல் எழுதப்படும் ஊர் வரலாறு பாதி ஊரின் வரலாறுதான்.

முதியவர்களிடம் பேசும்போது ஆண்டைக் கேட்பதில் பயனில்லை. 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம், 1934-இல் மேட்டூர் அணை, 1952 நவம்பர் புயல், 1977 நவம்பர் புயல் ஆகியவற்றை வரிசையாக எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, “அது புயலுக்கு முன்பா, பின்பா?” என்று கேட்டால் நினைவு தானாகவே தன் இடத்தில் வந்து நிற்கும். 1924 வெள்ளத்தை நேரில் கண்டவர்கள் இன்று இல்லையாதலால், அதைத் தம் பெற்றோர் சொல்லக் கேட்டதாகக் கூறுபவர்களின் பேச்சை அப்படியே, கேள்விச் செய்தி என்ற குறிப்புடன் பதிவு செய்ய வேண்டும். ஆடிப்பெருக்கன்று காதோலை கருகமணியும் சித்திரான்னமும் எடுத்துக்கொண்டு எந்தத் தெருப் பெண்கள் எந்தத் துறைக்கு வந்தார்கள், ஆற்றில் நீர் வராத ஆண்டுகளில் என்ன செய்தார்கள் என்ற இரண்டு கேள்விகளே ஒரு மாலைப் பொழுதுக்குப் போதுமானவை.

அடுத்தது கல்வெட்டு. ஐயாறப்பர் கோயில் வளாகத்தின் வடகயிலாயம் முதலாம் இராசராசனின் தேவி தந்திசக்தி விடங்கியான உலோகமாதேவி எடுப்பித்தது. தென்கயிலாயம் இராசேந்திரன் காலத்தில் பஞ்சவன்மாதேவி எடுப்பித்தது. இவ்வூர்க் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் அச்சாகியுள்ளன. அவற்றைப் படிக்கும்போது மன்னரைப் புகழும் மெய்க்கீர்த்தியை வேகமாகக் கடந்து, நில எல்லை கூறும் பகுதியில் நிதானியுங்கள். அங்கே வரும் வாய்க்கால், வதி (பாதை அல்லது பாசனக் கால்), ஊர்ப் பெயர்களைத் தனித்தாளில் எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள, நில விவரம் அடங்கிய ‘அ’ பதிவேட்டோடும் வயல் எல்லை காட்டும் புலப்படத்தோடும் ஒப்பிட்டுவிட்டு, பிறகு அந்த வயலுக்கு நீர் பாய்ச்சுபவரிடம் கேளுங்கள். ஏட்டில் மறைந்த பெயர் சில வேளைகளில் மண்வெட்டி பிடித்தவர் வாயில் பிழைத்திருக்கும். பதிகங்களையும் இதே கண்ணோடு பார்க்கலாம். பெண்கள் நடமாட முழவு அதிர்வதை இடி என்று அஞ்சிய மந்திகள் மரமேறி முகில் பார்க்கும் ஊர் என்று சம்பந்தர் திருவையாற்றைப் பாடியிருப்பதை அழகிய கற்பனை என்று மட்டும் ஒதுக்காமல், ஏழாம் நூற்றாண்டிலேயே இவ்வூரை ஆடலோடும் முழவோடும் சேர்த்து எண்ணினார்கள் என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

சமூக வாழ்வை அறிய, சித்திரையில் நடக்கும் ஏழூர்ப் பல்லக்கு விழாவை இரண்டு நாளும் பின்தொடர்ந்து நடப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஆறு ஊர்களுக்கும் சென்று ஐயாறப்பர் திரும்புகிறார். நந்தி திருமணத்துக்குப் பழனம் பழத்தையும், சோற்றுத்துறை சோற்றையும், பூந்துருத்தி பூவையும், நெய்த்தானமாகிய தில்லைஸ்தானம் நெய்யையும் தந்ததாகச் சொல்லும் கதை, அண்டை ஊர்களின் கொடுக்கல் வாங்கலைப் புராண மொழியில் பேசுகிறது. ஒவ்வொரு பல்லக்கையும் தூக்குபவர் யார், அந்த உரிமை எப்படி வந்தது, பல்லக்கு எந்த வீட்டு வாசலில் நிற்கிறது, எந்தத் தெருவுக்குள் நுழைவதில்லை, பாலங்கள் வருமுன் ஆற்றை எவ்வழியே கடந்தார்கள் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பல்லக்கின் வேலைப்பாட்டைப் படம் எடுப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. தோள் கொடுத்தவர்களிடம் பேசுபவர்கள் குறைவு.

ஊரில் சச்சரவு நடந்திருந்தால் அதை மழுப்பக் கூடாது. 1847 ஜனவரி 6 அன்று மறைந்த இசை மேதை தியாகராசருக்கு ஆண்டுதோறும் நடக்கும் இசை விழாவான ஆராதனை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரண்டாகப் பிரிந்து நடந்தது. இரண்டிலும் பெண்கள் பாட இடமில்லை. தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவிட்டு 1920களில் சமாதிக் கோயிலைக் கட்டினார்; மகளிருக்கெனத் தனி விழாவையும் தொடங்கினார். 1940 வாக்கில்தான் எல்லாம் ஒன்றாயின. இத்தகைய நிகழ்வை எழுதும்போது ஒரு தரப்பின் விழா மலரை மட்டும் நம்பாமல், அக்கால நாளிதழ்களையும் அழைப்பிதழ்களையும் தேடி, ஒவ்வொரு கூற்றுக்கும் அதைச் சொன்ன தரப்பைக் குறிப்பிடுங்கள். (கோயில் எடுப்பித்த இரண்டு தேவியரையும் நாகரத்தினம்மாளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஆசை எனக்கு எப்போதும் உண்டு, ஆனால் அது என் எண்ணம் என்று தெரியும்படிதான் எழுதுவேன்.)

மராத்தியர் காலத்துக்கு, தஞ்சை சரசுவதி மகாலில் உள்ள, மோடி என்ற மராத்திய எழுத்தில் அமைந்த ஆவணங்களின் தமிழாக்கங்களைப் பாருங்கள். கடைத்தெருவை விட்டுவிடாதீர்கள், அசோகா அல்வா கிண்டுபவரிடமும் ஒரு தலைமுறைக் கதை இருக்கும்.

கேட்டெழுதிய ஒவ்வொன்றிலும் நாள், இடம், சொன்னவரின் வயது ஆகியவை இருக்கட்டும். பெயர் வேண்டாம் என்றவரின் பெயரை நீக்கிவிடுங்கள். எழுதி முடித்ததும் அச்சகத்துக்குக் கொடுக்கும் முன், சொன்னவர்களிடம் அவரவர் பகுதியை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் இடைமறித்துத் திருத்துவதை எழுத இன்னொரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.