வளர்ந்தவர்களுக்கு ஆங்கில வாசிப்பு: சொல்லித்தருபவர்கள் செய்யும் தவறுகள்

கோலாலம்பூரில் உள்ள செந்தூலில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். அடுக்குமாடியில் பாதுகாவலராக இருப்பவர், கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவர், லாரி ஓட்டுநர், பிள்ளைகள் வளர்ந்து தங்களுக்கென்று கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கும் அம்மாக்கள். இரண்டு பேர் பத்துமலையிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருகிறார்கள். யாரும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், புகுமுக வகுப்பில் ஒரு வருடம், அப்புறம் இடைநிலைப்பள்ளியில் எல்லாமே மலாய். 1970இல் தொடங்கி மலேசியாவின் ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. அதற்குப் பிறகு படிக்க வந்தவர்களுக்கு ஆங்கிலம் வெறும் ஒரு பாடம். பலருக்கு அது பரீட்சையோடு முடிந்துபோன பாடம்.

இவர்களுக்கு விதவிதமான வாசிப்புத் தாள்களை வைத்துச் சொல்லித்தர நினைக்கும்போது எங்கெங்கே வழுக்குகிறது என்பதைத்தான் எழுதுகிறேன். இதில் பாதிக்கு மேல் நானே வழுக்கி விழுந்த இடங்கள்.

முதல் வருடம், என் பிள்ளைகள் படித்து முடித்த படக்கதைப் புத்தகங்களை ஒரு பையில் போட்டு எடுத்துப்போனேன். ஆங்கிலம் ஆரம்பநிலை, அதனால் ஆரம்பநிலைப் புத்தகம் என்று கணக்குப் போட்டேன். லாரி ஓட்டுநர் அண்ணன் ஒரு முயல் கதையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை என் பேத்திக்கு எடுத்துட்டுப் போகட்டுமா டீச்சர்?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அவருக்கு ஆங்கிலம்தான் புதிது, உலகம் புதிதில்லை. இருபது வருடம் ஜொகூருக்கும் பினாங்குக்கும் சரக்கு ஏற்றிக்கொண்டு போய்வந்தவர் கையில் முயலைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

இன்னொன்றும் உண்டு. சின்னப்பிள்ளைக் கதையின் ஆங்கிலம் நாம் நினைக்கிற அளவுக்குச் சுலபமே இல்லை. முயல் துள்ள ஒரு சொல், வாத்து அசைந்து நடக்க ஒரு சொல், ஓநாய் மூச்சிரைக்க ஒரு சொல் என்று, வளர்ந்தவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பயன்படுத்தாத சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும். அந்த அண்ணனுக்கு வேண்டியது சரக்கு ஒப்படைப்புச் சீட்டில் வரும் 'ரிசீவ்ட் இன் குட் கண்டிஷன்'. அதற்குக் கீழேதான் அவர் தினமும் கையெழுத்து வாங்குகிறார்.

சரி, பெரியவர்களுக்குப் பெரியவர்கள் படிப்பதையே கொடுப்போம் என்று அடுத்து ஆங்கில நாளிதழை எடுத்துக்கொண்டு போனேன். அது இன்னொரு பக்கத்துப் பள்ளம்.

சொற்களைக் கற்பது பற்றி நீண்ட காலம் ஆராய்ந்தவர் நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன். அகராதி துணையில்லாமல் ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. நாளிதழையும் நாவலையும் அப்படிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) வேண்டும் என்று 2006இல் எழுதினார். அதாவது 100 சொல்லில் இரண்டு தெரியாமல் போகலாம். ஐந்து தெரியாவிட்டால், ஏறக்குறைய இரண்டு வரிக்கு ஒருமுறை கால் தடுக்கும். என் வகுப்பில் அன்று பத்துக்குப் பத்தும் தெரியாத வரிகள் இருந்தன.

செய்தித் தலைப்பு இன்னும் மோசம். அதற்கென்று தனி இலக்கணமே இருக்கிறது. நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் எழுதுவார்கள். நாளை நடக்கப்போவதை 'மினிஸ்டர் டு விசிட் பினாங்கு' என்று ஒரு 'டு'வை மட்டும் வைத்து எழுதுவார்கள். 'த்ரீ ஹெல்ட் ஓவர் ராபரி' என்ற தலைப்பைப் பார்த்து, மூன்று பேர் எதையோ கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஓர் அக்கா விளக்கம் சொன்னார். அகராதி பார்த்துத்தான் சொன்னார். 'ஹெல்ட்' என்றால் அங்கே கைது என்று அகராதியில் தேடிக் கண்டுபிடிக்க அவருக்கு எத்தனை பொறுமை வேண்டும்! நாளிதழில் முதலில் கொடுக்க வேண்டியது முதல் பக்கம் இல்லை. வானிலைக் கட்டம், விளம்பரம், படத்துக்குக் கீழே வரும் ஒற்றை வரி, இவை போதும். அன்று காலை தமிழ்ப் பத்திரிகையில் படித்த அதே செய்தியை மாலையில் ஆங்கிலத்தில் கொடுத்தாலும் நன்றாக ஓடும். விஷயம் தெரிந்திருப்பதால் மனம் மொழியில் மட்டும் நிற்கும்.

கதை வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. 250, 400 என்று அடிப்படைச் சொற்களின் எண்ணிக்கையை வரையறுத்துக்கொண்டு, வளர்ந்தவர்களுக்காகவே துப்பறியும் கதை, பயணக் கதை என்று எழுதிய 'கிரேடட் ரீடர்' நூல்கள் நிறைய வந்திருக்கின்றன. பல நூல்களின் அட்டையிலேயே ஏ1, ஏ2 என்று படி போட்டிருக்கும். நம் பள்ளிகளில் இப்போது பேசப்படும் அதே சிஇஎஃப்ஆர், அதாவது மொழித்திறனைப் படிப்படியாக அளக்கும் ஐரோப்பிய அளவுகோல்தான். நமக்குச் சுலபமாகத் தெரிவதைவிட ஒரு படி இறக்கியே கொடுங்கள். சுலபமாக இருக்கிறது என்று யாரும் இதுவரை என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை.

இந்த ஊருக்கே உரிய ஒரு தவறைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பயிற்சிக் கையேடுகளில் இது இருக்காது.

நம்மவர்களுக்கு ரோமன் எழுத்து தெரியும். ஆனால் அதை அவர்கள் அன்றாடம் படித்துப் பழகியது மலாயில். மலாயில் பெரும்பாலும் எழுதியபடியே வாசித்துவிடலாம். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வந்தால் 'டேக்' என்ற சொல் 'தாக்கே' ஆகிறது, 'மேக்' என்பது 'மாக்கே' ஆகிறது. அதைவிடச் சிக்கல், இரண்டு மொழியிலும் ஒரே எழுத்துக்கூட்டில் இருக்கிற வெவ்வேறு சொற்கள். 'air' ஆங்கிலத்தில் காற்று, மலாயில் தண்ணீர். 'cat' ஆங்கிலத்தில் பூனை, மலாயில் சாயம். 'beg' ஆங்கிலத்தில் பிச்சை கேட்பது, மலாயில் பை.

ஒருநாள் ஓர் அடுக்குமாடியின் அறிவிப்பைப் படம் பிடித்துக் கொண்டுபோயிருந்தேன். 'மெயின் என்ட்ரன்ஸ் குளோஸ்ட். ப்ளீஸ் யூஸ் சைட் என்ட்ரன்ஸ்.' ஏழே சொல். கிளினிக் அக்கா முதல் சொல்லை 'மாயின்' என்று படித்தார். மலாயில் மாயின் என்றால் விளையாடுவது. 'குளோஸ்ட்' அவருக்குத் தெரியும். ஆக, பிள்ளைகள் விளையாடும் இடத்தை மூடிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, "பாவம், ஸ்கூல் லீவு நேரத்துல போய் மூடுறாங்களே" என்று வருத்தப்பட்டார். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் பாதிப் பேர் அதையேதான் நினைத்திருந்தார்கள். அன்று நான் ஒன்று கவனித்தேன். அவர் தவறாகப் படிக்கவில்லை, வேறொரு மொழியில் சரியாகப் படித்தார். உச்சரிப்பைத் திருத்திவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. அதிலிருந்து சுவரில் ஒரு மணிலாத்தாள் ஒட்டியிருக்கிறோம். இந்த மாதிரி இரட்டைச் சொல் யார் கண்ணில் பட்டாலும் அதில் எழுதுவார்கள். இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது.

அதே மலாய் உதவியும் செய்கிறது. கிளினிக், ஃபார்மசி, போலீஸ், டாக்ஸி, டிக்கெட் எல்லாம் ஆங்கிலத்திலிருந்து மலாய்க்குப் போய் எழுத்து மாறி நிற்பவைதான். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால், தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டு வந்தவருக்கு முதல் நாளே ஐம்பது சொல் கைக்கு வந்துவிடும். லாரிக்காரர்கள் பின்னால் எடுப்பதற்குச் சொல்லும் 'கோஸ்தான்'கூடக் கப்பல்காரர்களின் 'கோ ஆஸ்டெர்ன்'தான் என்று சொன்னபோது லாரி அண்ணன் (ஆமாம், மூன்று மாதம் கழித்துத் திரும்ப வந்துவிட்டார்) அன்று முழுவதும் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்தது, ஆளுக்கு ஒரு பத்தியாகச் சத்தமாக வாசிக்க வைப்பது. நாம் படித்த காலத்திலிருந்து வருகிற பழக்கம். வட்டமாக உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேரையும் ஒரு தடவை நன்றாகக் கவனித்துப் பாருங்கள். முதல் ஆள் வாசிக்கும்போது ஐந்தாவது ஆள் விரலை வைத்துத் தன் பத்தி எது என்று எண்ணிக்கொண்டிருப்பார். உதடு அசையும், தன் வரிகளை ஒத்திகை பார்க்கிறார். ஆறாவது ஆளுக்குக் கழிவறைக்குப் போக வேண்டியிருக்கும். வாசித்து முடித்தவர் தண்ணீர் குடிப்பார். முடிவில் கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, வாசித்தவருக்கே தெரியாது. சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டியது ஆசிரியர்தான். அவர்கள் கண்ணால் தொடரட்டும், பிறகு வாய்க்குள் படிக்கட்டும், விரும்புகிறவர்கள் இரண்டிரண்டு பேராக ஒருவருக்கொருவர் வாசித்துக்கொள்ளட்டும்.

விதவிதமான தாள்களைக் கொண்டுவருவது வேறு, விதவிதமாகப் படிக்க வைப்பது வேறு. இது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. மருந்துச் சீட்டு, சம்பளச் சீட்டு, தீபாவளித் தள்ளுபடித் துண்டுப் பிரசுரம், வேலை நியமனக் கடிதம், வாட்ஸ்அப் செய்தி என்று பை நிறைய எடுத்துப்போய், எல்லாவற்றுக்கும் ஒரே வேலையைத்தான் கொடுத்தேன்: படியுங்கள், தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள், கேள்விக்குப் பதில் எழுதுங்கள். யாராவது வீட்டில் தள்ளுபடித் தாளை மேலிருந்து கீழே வரி விடாமல் படிப்பார்களா? அதில் எண்ணெய் என்ன விலை, என்றைக்கு வரை, ஒருவருக்கு எத்தனை புட்டி என்று மூன்றைத்தான் தேடுவோம். அதற்கு அரை நிமிடம் கொடுத்தால் போதும்.

நியமனக் கடிதம் அப்படியில்லை. அங்கே ஒரு சொல்லையும் தாண்டக்கூடாது. 'அன்லெஸ்', 'அன்டில்', 'சப்ஜெக்ட் டு' மாதிரி சின்னச் சின்னச் சொற்கள்தான் அங்கே ஆளைக் கவிழ்க்கும். பெரிய சொல் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றாவது தெரியும். இவை தெரிந்த மாதிரியே இருக்கும். 'நோ லேட்டர் தேன் 15 மார்ச்' என்றால் 15ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். 'நோ' என்றும் 'லேட்டர்' என்றும் பார்த்துவிட்டு, இப்போது வேண்டாம், அப்புறம் 15ஆம் தேதி கொடுக்கலாம் என்று புரிந்துகொண்டவர் என் வகுப்பில் இருக்கிறார்.

அந்த இடத்தில் தமிழை உள்ளே விடுங்கள். ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான் என்ற கண்டிப்பு நாற்பது வயதுக்காரர்களிடம் வேலை செய்யாது, அவர்கள் மௌனமாகிவிடுவார்கள். அதற்காகச் சொல்லுக்குச் சொல் தமிழ் போட்டுக்கொண்டே போவதும் உதவாது. 'தி லிஃப்ட் வில் நாட் ஆப்பரேட் அன்டில் ஃபைவ்' என்பதைச் சொல் சொல்லாக மாற்றினால் மின்தூக்கி முதலில் ஓடாது, அப்புறம் ஐந்து மணி எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும். நாம் 'ஐந்து மணி வரை லிஃப்ட் ஓடாது' என்று வாலிலிருந்து தொடங்குகிறோம். முழு வாக்கியத்தையும் தமிழில் ஒருமுறை சொல்லச் சொன்னால் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் வரும் 'கேன் லா', 'ஆல்ரெடி ஈட்?' போன்றவற்றைத் தவறு என்று அடித்துத் திருத்த வேண்டாம். இந்த ஊரில் அது ஓடுகிற நாணயம். நண்பருக்கு அப்படி எழுதலாம், மேலாளருக்கு வேறு மாதிரி எழுத வேண்டும் என்று இரண்டு செய்திகளைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். கைப்பேசிக்கு வரும் மோசடிச் செய்திகளையும் நான் பாடமாக்கிவிட்டேன். 'வித்தின் 24 அவர்ஸ்', 'சஸ்பெண்டட்', 'கிளிக்' என்ற மூன்றும் ஒரே செய்தியில் வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்பதைப் போல வேகமாக யாரும் எந்தப் பாடத்தையும் கற்றதில்லை. பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய 997 என்ற எண்ணும் அந்த மணிலாத்தாளின் மூலையில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. மாணவர்களே தங்கள் தாள்களைக் கொண்டுவரத் தொடங்கினால் வகுப்பு தானாக ஓடும், ஆனால் அவற்றை அப்படியே வாங்கி நகலெடுத்துவிடாதீர்கள். அடையாள அட்டை எண், முகவரி, சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். ஒரு கறுப்பு மார்க்கரைக் கொடுத்து, மறைக்க வேண்டியதை அவர்களையே மறைக்கச் சொல்கிறேன். எதை மறைப்பது என்று தேடுவதே ஒரு வாசிப்புப் பயிற்சி. போன மாதம் பாதுகாவலர் அண்ணன் தன் கைப்பேசி பில்லைக் கொண்டுவந்தார். பெயர், எண், முகவரி என்று பொறுமையாக அடித்துக்கொண்டே வந்தவர், 'டோட்டல் அமவுன்ட் டியூ' என்ற வரியையும் தொகையோடு சேர்த்துக் கறுப்பாக்கிவிட்டார். அன்றைக்கு நான் சொல்லித்தர வைத்திருந்ததே அந்த வரிதான். "அது மட்டும் வேணாம் டீச்சர், என் வீட்டுக்காரி எதிர்லதான் உட்கார்ந்திருக்கா" என்றார்.