கொம்பன் சுறாவின் தலையை ஏணியில் ஏற்றாதீர்கள்

உவரியிலும் இடிந்தகரையிலும் கரைக்கு வரும் மீன்களைக் காட்ட ஆண்டுதோறும் விலங்கியல் மாணவர்களை அழைத்துச் செல்கிறேன். மீனைக் கையிலெடுத்துச் சற்று நேரம் ஆவதற்குள், பரிணாமத்தைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழையை யாரேனும் ஒருவர் தம் குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார். சுறாவுக்கு இருப்பது எலும்பன்று, குருத்தெலும்பு என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிட்டு, பரிணாமத்தைப் பற்றிய பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

வாழும் மீன்களை வரிசையாக அடுக்குவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். முதுநிலை ஆய்வேட்டுக்காக, சுத்தியல் போன்ற தலையுடைய கொம்பன் சுறாக்களைப் பற்றி நான் ஒரு படம் வரைந்தேன். முதலில் சாதாரணத் தலையுடைய பால் சுறா, அடுத்து அமெரிக்கக் கரைகளில் வாழும், மண்வெட்டி போன்ற சிறுதலைக் கொம்பன், பிறகு நம் கடலில் கிடைக்கும் கொம்பன், கடைசியில் உடல் நீளத்தில் பாதியளவுக்குத் தலை விரிந்த சிறகுத்தலைக் கொம்பன் என அடுக்கி, தலை மெல்ல மெல்ல அகன்றதாக ஓர் அத்தியாயமே எழுதினேன். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த நான்கும் இன்று கடலில் இருக்கின்றனவே, இதில் யார் யாருக்குத் தாத்தா?" சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தி, குட்டையானவன்தான் நெட்டையானவனுக்கு மூதாதை என்று நான் சாதித்திருந்தேன். அத்தியாயம் போயிற்று, ஆறு மாத உழைப்பும், மீண்டும் கட்டிய கட்டணமும் அதனுடன் போயின.

பின்னர் 2010இல் வெளியான மரபணு ஆய்வு என் படத்தை ஏறக்குறையத் தலைகீழாக்கியது. கொம்பன்களுள் முதலில் பிரிந்த கிளை சிறகுத்தலை. சிறுதலைக் கொம்பனோ பிற்காலத்தில் கிளைத்தவற்றுள் ஒன்று. அதற்காகச் சிறகுத்தலையை மூதாதை என்று எழுதினால் அதுவும் தவறே, ஏனெனில் பிரிந்த நாள் முதல் அதுவும் தன் வழியில் மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. சென்ற முறை ஒரு மாணவி இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு, மறுநாள் அதே ஏணியை வண்ணத்தில் வரைந்து கொண்டுவந்தார்.

"தேவைப்பட்டது, அதனால் முளைத்தது"

கொம்பனின் தலையடியை விரலால் அழுத்தினால் ஊசித்துளைகளிலிருந்து தெளிந்த பசை கசியும். இரையின் மெல்லிய மின்புலத்தை உணரும் துளைகள் அவை. அகன்ற தலை அவற்றைப் பரவலாகத் தாங்குகிறது. இரு கண்களின் பார்வையும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பும் கொம்பன்களுக்கு அதிகம் என 2009இல் அளந்து காட்டினர். இவை இன்றைய பயன்கள். முதன்முதலில் சற்று அகன்ற தலையுடன் பிறந்த சுறா எதனால் பிழைத்துக் குட்டி ஈன்றது என்பது வேறு கேள்வி. பயனைக் கண்டவுடன் காரணமும் கிடைத்துவிட்டதாக எழுதக் கூடாது.

வடிவம் ஒத்தால் உறவு

வாள் போன்ற நீண்ட மூக்குடைய வேளா மீனைத் திருப்பிப் பாருங்கள்: செவுள் பிளவுகள் அடிப்பக்கம் இருக்கும். அது திருக்கை இனம். வாள் ஒன்றே போலிருந்தாலும் வாள்சுறாவுக்குப் பிளவுகள் பக்கவாட்டில்தான், அது சுறா இனம்.

"சுறா மாறவே இல்லை"

சுறாக்களின் வரலாறு 40 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. கொம்பனின் தலைக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டுகள்தான். ஆகவே சுறாக்களும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கின்றன.

வளர்ந்த மீனை மட்டும் பார்ப்பது

பிறக்கும் கொம்பன் குட்டியின் தலை மடல்கள் இளகி, வாலை நோக்கி மடங்கியிருக்கும். தாய்க்குக் காயமின்றி வெளியே வர அது உதவுகிறது. தட்டைமீன்களுள் ஒன்றான நாக்கு மீனின் குஞ்சுக்கோ பக்கத்துக்கொரு கண் இருக்கும், வளர்கையில் வலக்கண் இடப்பக்கம் நகரும். வளர்ந்த மீனை மட்டும் அறிந்தவர்கள், கண் பாதி வழியில் நிற்கும் தட்டைமீன் உயிர்வாழ முடியாது என்று வாதிட்டனர். ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இத்தாலியப் புதைபடிவங்களில் அப்படிப் பாதி நகர்ந்த கண்ணுடன் முழு வளர்ச்சியடைந்த மீன்களே இருந்ததை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே கரையில் நாக்கு மீன் கிடைத்தால், அதன் குஞ்சு எப்படி இருக்கும் என்பதையும் பக்கத்தில் வரையச் சொல்கிறேன்.