உருட்டு எந்திரத்தில் கல்லின் மெருகு எங்கே கெடுகிறது?

கல்லை உருட்டி மெருகேற்றும் எந்திரத்தை நான்கு வாரம் ஓட்டியும் கல் மங்கலாகவே வெளியே வருகிறது என்று குறைபடுகிறவர்களில் பெரும்பாலானோர் கடைசியாகப் போட்ட மெருகுப் பொடியைத்தான் சந்தேகிக்கிறார்கள். நானும் அப்படியே சந்தேகித்து, இரண்டு முறை பொடியை மாற்றிப் பணத்தை வீணாக்கியவன். கீறல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுகிவிட்ட பரப்பிலிருந்து ஒளி சிதறாமல் திரும்புவதையே மெருகு என்கிறோம். ஆகையால் முதல் வாரத்தில் விட்டுவைத்த ஆழமான கீறலை நான்காம் வாரத்துப் பொடியால் போக்க முடியாது.

சென்னையில் டம்ளர் என்றால் காபிதான் நினைவுக்கு வரும் என்பதால், ராக் டம்ளர் என்ற ஆங்கிலப் பெயரை விட்டு உருட்டு எந்திரம் என்றே எழுதுகிறேன். அதன் ரப்பர் உருளைக்குள் கல்லும் நீரும் சாணைத்தூளும் சேர்ந்து இரவும் பகலும் உருள்கின்றன. முதலில் 60/90 எண் கொண்ட பருமனான சிலிக்கான் கார்பைடு, அடுத்து 120/220, பிறகு 500, கடைசியில் மிக நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு என்பது வழக்கமான வரிசை. படிக்குக் குறைந்தது ஒரு வாரமாவது ஆகும். சாணைத்தூளுக்குப் பதிலாக மெரினா மணலைப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கடல்மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் 7. நாம் உருட்டும் அகேட் என்ற குவார்ட்ஸ் வகைக் கல்லும் ஏறத்தாழ அதே கடினம். தன் அளவு கடினமான, அதிலும் முனை மழுங்கிய மணலால் கல்லை அறுக்க முடியாது. சிலிக்கான் கார்பைடு 9-க்கு மேல் இருப்பதால்தான் வேலை நடக்கிறது.

கல்லைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதித் தவறு நடந்துவிடுகிறது. அகேட், ஜாஸ்பர், சூதுபவளம் போன்றவற்றை ஒன்றாக உருட்டலாம். அவற்றோடு கடினம் 3 மட்டுமே உள்ள பளிங்கையோ சுண்ணாம்புக்கல்லையோ சேர்த்தால், மென்மையான கல் கரைந்து சேறாவதோடு மற்றவையும் சரியாகத் தேயாமல் போகும். பல்லாவரம் பக்கத்துச் சார்னோகைட் என்ற பாறையின் துண்டுகளைப் பொறுக்கிவந்து போட்டுப் பார்க்கும் ஆசை இங்கே பலருக்கும் வரும். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், பைராக்ஸீன் எனப் பல கனிமங்கள் கலந்த அந்தக் கல்லில் ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு வேகத்தில் தேய்வதால், மேற்பரப்பு குழிகுழியாகிவிடும். சமையல் மேடைக் கிரானைட் பளபளக்கிறதே என்று வாதிடுவார்கள்; அங்கே தட்டையான பரப்பை விறைப்பான தட்டு அழுத்தித் தேய்க்கிறது, உருளைக்குள் அப்படி அழுத்தம் கொடுக்க எதுவும் இல்லை. பரங்கிமலைச் சார்னோகைட் பாறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்பதால், அங்கே சுத்தியலோடு போவது வேறு வகைத் தவறு.

முதல் படியை ஒரே வாரத்தில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரமே எல்லாவற்றிலும் பெரிய கேடு. ஒரு வாரத்தில் சாணைத்தூள் நொறுங்கி நுண்ணியதாகிவிடும். கல் இன்னும் வடிவத்துக்கு வந்திருக்காது. அப்போது கழுவி, புதுத்தூள் போட்டு, இரண்டாம் வாரமும், தேவையானால் மூன்றாம் வாரமும் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு கல்லையும் உலர்த்தி, ஜன்னலோரம் வைத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பள்ளமோ நகம் மாட்டும் வெடிப்போ உள்ள கல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. அழகாக இருக்கிறதே என்று நான் இரக்கப்பட்டு அனுப்பிய சிவப்பு ஜாஸ்பர் ஒன்று, தன் வெடிப்புக்குள் பருமனான தூளை ஒளித்து வைத்திருந்து, கடைசிப் படியில் அதைக் கக்கி, உருளையிலிருந்த அத்தனை கல்லையும் கீறிவிட்டது. 60 எண் தூளின் மணி ஒன்று ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். மெருகுப் பொடிக்கு நடுவே அது பாறாங்கல்.

அதனால்தான் படிகளுக்கு இடையே கழுவுவதில் நான் இவ்வளவு கறாராக இருக்கிறேன். கல்லைக் குழாயடியில் காட்டி எடுப்பது கழுவலாகாது. ஒவ்வொன்றையும் பழைய பல்துலக்கியால் தேய்த்து, உருளையின் உட்சுவர், மூடியின் விளிம்பு, ரப்பர் வளையத்தின் அடிப்பகுதி எல்லாவற்றையும் துடைத்தெடுக்க வேண்டும். ரப்பரில் பதிந்த தூள் எளிதில் போகாது என்பதால், கடைசிப் படிக்கென்று தனி உருளை வைத்துக்கொள்வது செலவானாலும் நல்லது. கழுவிய சேற்றைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால், குழாய் வளைவில் சிமெண்டுபோல் இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு, மேல்நீரை வடித்து, வண்டலைக் காகிதத்தில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

உருளையை மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் வரை நிரப்ப வேண்டும். கல் குறைந்தால் சறுக்குவதற்குப் பதிலாக விழுந்து மோதி, மேற்பரப்பில் பிறை வடிவில் வெள்ளை வெள்ளையாக அடிபட்ட தடங்கள் தெரியும். குறைவை ஈடுகட்டச் சிறு பீங்கான் உருளைகளைச் சேர்க்கலாம். நீரோ மேலடுக்குக் கல்லுக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும். கிரைண்டரில் தண்ணீர் அதிகமானால் உளுந்து அரைபடாமல் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சரியாக ஓடும் உருளை ஒரே சீராகச் சலசலக்கும். டமடமவென்று கேட்டால் நிறுத்தித் திறந்து பாருங்கள். சில கற்களிலிருந்து வாயு கிளம்பி மூடி உப்பக்கூடும் என்பதால், முதல் சில நாட்கள் தினம் ஒருமுறை திறந்து மூடுவதும் நல்லது.

மின்தடையைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. மீண்டும் வந்ததும் எந்திரம் தானாகச் சுழலத் தொடங்கியது. அடியில் படிந்து இறுகிய சேற்றால் உருளை ஒரு பக்கம் கனத்து நிற்க, சுழற்றும் பட்டை (பெல்ட்) வழுக்கி, மோட்டார் தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மணிக்கணக்கில் நின்றுவிட்டால் இணைப்பைப் பிடுங்கி, உருளையைத் திறந்து, கையால் கலைத்துவிட்ட பிறகே ஓட்ட வேண்டும்.

மெருகு ஏறியதா என்பதை ஈரக் கல்லில் சோதிப்பது வீண். நீர் கீறல்களை நிரப்பிவிடுவதால் மட்டமான கல்லும் ஈரத்தில் மினுங்கும். நன்றாக உலர்ந்த கல்லைக் குழல்விளக்கின் கீழ்ப் பிடித்தால், விளக்கின் விளிம்பு கூரான கோடாகத் தெரிய வேண்டும். பால் சிந்தியதுபோல் பரவித் தெரிந்தால் 500 எண் படிக்குத் திரும்ப வேண்டியதுதான். அதற்கு முன், கடைசியாக எந்த நீரில் அலசினீர்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். போர் தண்ணீரில் அலசி அப்படியே காயவிட்டால், உப்பு படிந்து மங்கலான படலமாகும். ஒரு குவளை கேன் தண்ணீரில் கடைசி அலசலை முடித்து உடனே துணியால் துடைத்திருந்தால் அந்தப் படலமே வந்திராது என்பது, அதைக் கீறல் என்று எண்ணி இன்னொரு வாரம் எந்திரத்தை ஓட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.